ஆதம்பாவாவின் ஊசி

ஆதம்பாவா வெறும் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஈரத்துணியைப் பிழிந்து மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. சில இடங்கள் வந்ததும் கை தானாக விலகிப் போகிறது. அங்கே ஒன்றுமில்லை, பலகைச் சுவரில் ஊசித் துளைகள் மட்டும்.

“இது ஏடன். இஞ்ச மாலைதீவு. அந்தா சிங்கப்பூர்.” அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, கடலெல்லாம் தெரியும். கட்டடம் பார்க்க வந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பைத்தியம் எண்டு நினைக்காதீங்க தம்பி,” என்றார். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருகோணமலையில் வெள்ளைக்காரக் கடற்படைத் தலைமையகம் இருந்தபோது இந்தச் சுவர் முழுக்க ஒரு வரைபடம். கப்பலுக்கு ஓர் ஊசி. ஏடன் முதல் சிங்கப்பூர் வரை எங்கே கலகம் மூண்டாலும் இங்கே ஊசிகள் இடம் மாறும். தினமும் தூசி துடைப்பது, கிண்ணியாவிலிருந்து தோணியேறி வரும் ஆதம்பாவாவின் வேலை.

ஒருநாள் துணி பட்டு ஓர் ஊசி விழுந்தது. பயத்தில் குத்துமதிப்பாக மாலைதீவுக்குத் தெற்கே குத்திவிட்டார். துரைமார் கண்டு ஏசினார்கள். நாலாம் நாள், அந்தக் கப்பல் அவர் குத்திய அதே இடத்தில் இயந்திரம் நின்று கிடப்பதாகச் செய்தி வந்தது. “அவங்க சிரிச்சாங்க. எனக்குச் சோறு இறங்கல்ல. அதுக்குப் பிறகு ஒரு ஊசிலயும் கை வெக்கல்ல.”

சுயெஸ் சண்டைக்குப் போன கப்பலொன்றில் அவருடைய மகன் ஜெமீல் உடுப்புக் கழுவப் போனான். ஏடனிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை. கப்பலின் ஊசியும் ஏடனிலேயே நின்றது. அடுத்த ஆண்டு தலைமையகத்தை மூடி, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இத்தனை கடலைக் காவல் காத்தவர்களில், ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்க இன்று ஒருவரும் இங்கில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை.

“ஏடன் ஓட்டையில மட்டும் ஈரம் கசியுது. துணி படாமத்தான் துடைக்கிறன். தொட்டு நாக்கில வெச்சுப் பாருங்க, உப்பு.”

தொட்டேன். நாக்கில் வைக்கவில்லை. விரல் ஈரமாகத்தான் இருந்தது.

தொப்பி மடிப்பிலிருந்து சிவப்புத் தலை ஊசி ஒன்றை எடுத்தார். ஜெமீலின் கப்பல். “படத்தைச் சுருட்டக்குள்ள இத மட்டும் களவெடுத்தனான்.”

“திருகோணமலையில குத்திவிடுங்களேன் காக்கா.” அண்ணன் முறை வைத்து, விளையாட்டாகத்தான் சொன்னேன்.

“கை தவறிக் கடல்ல குத்திட்டா?” ஊசியை விரலிடையில் உருட்டினார். “நாளைக்குப் பெயின்ட் அடிக்க வாறாங்க. ஓட்டையெல்லாம் மூடிப் போகும். பிறகு ஏடன் எங்க, நம்மட ஊர் எங்க எண்டு எனக்கும் விளங்காது.”

திருகோணமலை இருந்த இடம் குத்திக் குத்திச் சல்லடையாகிக் கிடந்தது. “பிஸ்மில்லாஹ்” என்று முணுமுணுத்தார். வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, ஊசியைத் தலைவரை அழுத்தினார்.

விரலை எடுக்கவில்லை. காதை மட்டும், கப்பல்கள் நுழையும் துறைமுகத்தின் வாய்ப் பக்கம் திருப்பினார்.