ஒரு சேலை தள்ளி விழுந்த பரவளையம்

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டிக்கு மட்டும் தனிச் சத்தம் ஒன்று உண்டு. பாரம் ஏற்றிய பெட்டிகள் எல்லாம் தண்டவாளத்தை அழுத்திக்கொண்டு ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்க, பாரமே இல்லாத அந்தக் 'கார்டு பெட்டி' கயிற்றில் கட்டி இழுத்த காலி டப்பாவைப் போல லொடலொடவென்று குதித்துக்கொண்டு வரும்; அதைப் போல ஒரு சத்தத்தை எங்கே கேட்டாலும் இன்றைக்கும் என் கைகள் இரண்டும் தாமாகவே ஒரு சேலை முனையைத் தேடுகின்றன.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் சரக்கு ரயிலில் கார்டு. எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி. சென்னைக்கும் கூடூருக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தவர் என்பதால், அவர் வீட்டுக்கு வந்த நாட்களைவிட வீட்டைத் தாண்டிப் போன நாட்களே அதிகம். வண்டி எங்கள் ஊரில் நிற்காது. ஆனால் லெவல் கிராசிங்குக்கு முன்னால், டிரைவரை ஊதச் சொல்லி நட்டிருந்த 'விசில் போர்டு' வந்ததும், காலியான சாப்பாட்டுத் தூக்கைத் துண்டில் முடிந்து கீழே விடுவார். நாங்களும் சரியாக அந்தப் போர்டுக்கு நேராகத்தான் நிற்போம். தூக்கு ஒருநாளும் எங்கள் காலடியில் விழுந்ததில்லை. எங்களைத் தாண்டிப் பறந்து, வடக்கே கருவேலம் புதரோரம் போய் உருளும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வருவாள். மறுமுறையும் போர்டுக்கு நேராகவே நிற்போம். அவர் கை அங்கேதானே விடுகிறது, பிறகு வேறெங்கே போய் நிற்பது? வாசலில் வந்து இறங்குகிறவரை வாசலில் நின்று வரவேற்பதைப் போல அது எங்களுக்கு ஒரு மரியாதை. எவர்சில்வர் தூக்கு நசுங்குமே தவிர உடையாது என்பதால், இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் பத்தாவது படித்த வருஷம் அது தோன்ற வேண்டி வந்தது. எனக்குத் தூரப்பார்வை, மரத்தின் உச்சி இலை தெரியும், மடியில் இருக்கும் புத்தகம் தெரியாது, எழுத்தெல்லாம் சர்க்கரையில் மொய்த்த எறும்பாக நெளியும். கணக்குப் பரீட்சைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் மூக்கிலிருந்து கண்ணாடி நழுவி, பின்னால் வந்த கம்பெனி பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. அந்தப் பவருக்குச் சென்னையில்தான் செய்ய வேண்டும், சனிக்கிழமைதான் கிடைக்கும். பரீட்சை திங்கட்கிழமை. நைனா வீடு திரும்புவது செவ்வாய்க்கிழமை.

சென்னையில் கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டு, நைனா எங்கள் ஊர் பி.சி.ஓ. கடைக்கு போன் செய்தார். "சனிக்கெழம சாய்ந்தரம் வண்டி நம்மூரு வழியாத்தான் போவுது. நிக்காது. போடறேன், புடிச்சுக்கோங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கண்ணாடியைப் பிடிப்பதா! கருங்கல் ஜல்லியில் விழுந்தால் என்ன மிஞ்சும்? அன்றைக்கு அம்மாவுக்கும் எனக்கும் சோறு இறங்கவில்லை. கிராப் தாளின் மெல்லிய கட்டங்களில் வளைகோடு வரையும் கேள்வி ஒன்று எப்படியும் வரும். வெறுங்கண்ணோடு போனால் அதை மட்டுமல்ல, கேள்வித்தாளையே என்னால் படிக்க முடியாது.

இருபடிச் சார்புக்கு வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் தேடிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் கணக்கு வாத்தியார். வகுப்பு மொத்தமும் 'பந்து எறிதல்' என்று எழுதியது. நானும் அதையேதான் எழுதினேன், ஒரு பந்தையும் பார்க்காமல். சனிக்கிழமை மதியம், வாசலைப் பார்த்து வெறுமனே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நசுங்கிய தூக்கு என் கண்ணில் பட்டது. வண்டியின் வேகம் அதற்குள்ளும் இருக்கிறது. கையை விட்ட பிறகும் அது வண்டியோடு ஓடிக்கொண்டேதான் விழுகிறது. கோலமாவை எடுத்து, நின்றபடி பார்த்தால் தெரியும் அளவுக்குப் பெரிய பெரிய புள்ளிகளாக வைத்தேன். ஒரு புள்ளி முன்னால் போனால் ஒரு புள்ளி கீழே. இரண்டு போனால் நாலு கீழே. மூன்று போனால் ஒன்பது. இழுத்து முடித்தபோது பாடப்புத்தகத்தின் பரவளையம், பாதி உடம்போடு, எங்கள் வாசலில் படுத்திருந்தது.

மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை முடிந்து வந்த அம்மா அதைத் தாண்டாமல் நின்றாள். "இது இன்னாடி கோலம், குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிகினு போவுது?" என்றாள்.

விளக்கினேன். பெட்டியின் உயரம், தண்டவாள மேட்டின் உயரம், வண்டி வழக்கமாகப் போகும் வேகம் எல்லாம் சேர்த்தால், போர்டிலிருந்து ஒரு சேலை நீளமும் கொஞ்சமும் தள்ளித்தான் விழும். அம்மா நம்பவில்லை. அவரு அங்கதான உடுவாரு, நாம எங்கியோ போய் நின்னா எப்படி என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆனாலும் இரண்டு சேலைகள் எடுத்து வந்திருந்தாள். ஒன்றைப் போர்டிலிருந்து வடக்கே நீட்டி விரித்து அளந்தோம். மற்றதை மேட்டுக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம் தொட்டிலாகப் பிடித்து நின்றோம்.

"உன் கண்ணு, உன் கணக்கு. அப்புறம் என்னாண்ட அழுவக்கூடாது."

வண்டி வந்தது. இன்ஜின் கடந்த உடனேயே தெரிந்துவிட்டது: வழக்கத்தைவிட வேகம். பெட்டிகளின் தடதடப்பு நெருங்கி நெருங்கி விழுந்தது. வேகம் கூடினால் தூரமும் கூடும் என்று கோலம் சொல்லியிருந்தது. நல்லவேளை, சரக்கு வண்டி நீளமானது. "அம்மா, இன்னும் தள்ளி" என்று இழுத்தேன். எதிர்க்கேள்வி கேட்காமல் அம்மா சேலையோடு ஓடி வந்தது அந்த ஒரு தடவைதான். எங்கள் மரியாதைக்குரிய போர்டு பின்னால் தனியாக நின்றது. லொடலொடச் சத்தம் கேட்டது. நைனா கையை விட்டார். துண்டு மூட்டை ஒன்று சாய்வாக, நான் இழுத்த கோட்டின் மேலேயே நடந்து வருவதைப் போல வந்து, சேலையின் ஓரத்தில் விழுந்து, உருண்டு, நடுவில் அடங்கியது.

வண்டி போகும் வேகத்தில், கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அவர் கத்தியதில் ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது: "தொடைக்கிற துணி உள்ள கீது!"

கண்ணாடி முழுசாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் முதலில் பார்த்தது அம்மாவின் முகத்தை, மிகக் கிட்டத்தில். மேலுதட்டு வேர்வை ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது. "இன்னா பாக்கற, வா ஊட்டுக்கு" என்றாள். போகும் வழியெல்லாம், காரணமே இல்லாமல், இருவரும் சிரித்துக்கொண்டே போனோம். திங்கட்கிழமை வளைகோடு வந்தது. வரைந்தேன். பாஸ்.

இப்போது வருகிற சரக்கு ரயில்கள் பலவற்றில் கார்டு பெட்டி இல்லை; கார்டுக்குப் பதிலாகக் கடைசிப் பெட்டியின் பின்னால் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கிறது, சிவப்பாக மின்னிக்கொண்டு போகிறது. விசில் போர்டுக்கு நேராக யாரும் நிற்பதில்லை. நைனா ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கட்டுப் பிரித்த அன்று, எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரின் பொடி எழுத்துவரை படித்துக் காட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கூட இருந்து பார்த்துக்கொண்டு, போன வாரம் இப்போது நான் இருக்கும் ஊருக்குக் கிளம்பினேன். ஸ்டேஷன்வரை வந்தார். இப்போது அவர் கீழே, நான் வண்டியில். கண்ணாடி எடுத்துக்கொண்டேனா என்று கேட்டார். மூக்கிலேயே இருக்கிறது என்று காட்டினேன். வண்டி நகர்ந்தது, கையைத் தூக்கிக்கொண்டு கூடவே நாலடி நடந்தார்.

"தொடைக்கிற துணி?"