இல்லை என்று சொல்லாதவர்

ஜவ்வாது மலையிலிருந்து கறவை மாட்டுக் கடன் கேட்டுச் செங்கம் வங்கிக்கு நடந்தே வந்தவர் அவர். பெயர் கேட்கத் தோன்றவில்லை. வற்றிய உடம்பு. பதில் சொல்லுமுன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "புள்ளைங்க காட்டுக்கிழங்குதான் தின்னுதுங்க" என்று பெஞ்சில் பக்கத்தில் காத்திருந்த என்னிடம் சொல்லியிருந்தார்.

அதிகாரி கூப்பிட்டார். "வீடு சொந்தமா, வாடகையா?"

துண்டை உதறினார். "சொந்த வூடுங்க. நானே மண்ணு மிதிச்சுக் கட்டினது."

"வருமானம்? தானியமாவது இருக்கா?"

"நெறைஞ்சிருக்குதுங்க."

"அப்ப ஏழைங்க கடன் உனக்கு எதுக்குய்யா? போ!"

திரும்பி வந்தவரிடம், "இல்லன்னு சொன்னா இன்னாண்ணே?" என்று கடிந்துகொண்டேன்.

"வூட்டப் பாத்து இல்லன்னு சொன்னா நெசமாவே இல்லாமப் பூடுமே. அப்படிச் சொன்ன வாய்க்குள்ள சோறு எறங்குமா?" என்றார்.

அடுத்து நின்றவர் கடைத்தெரு மளிகைக்காரர். இரண்டு விரலில் மோதிரம். "வாடகை வூடு சார், ஒரு பிடி அரிசிகூட இல்ல" என்றார், கூசாமல். அதிகாரியும் அவரும் சிரித்துக்கொண்டார்கள். கடன் கையெழுத்தானது.

மலைக்காரர் அதிர்ந்துபோய் என் கையைப் பிடித்தார். "அய்யோ, இப்படிச் சொல்லிட்டாரே! பாவம், அவரு புள்ளைங்க இன்னா ஆவுங்களோ!"

மாடில்லாமல் மலையேறிப் போனவர், மளிகைக்காரரின் பிள்ளைகளுக்காக வருந்திக்கொண்டே போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.