தொட்டிக்குள் தெளித்த மஞ்சள் தண்ணீர்

போன வருடம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்களில், திருகோணமலை பாலையூற்றில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. மகள் வெளியூர்க் கம்பஸுக்குப் படிக்கப் போகும்போது தன்னுடைய அக்சலோட்டிலை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். மெக்சிக்கோ நாட்டுப் பிராணியாம். தண்ணீருக்குள்தான் சீவியம். ஒரு சாண் நீளம், வெள்ளை உடம்பு, நாலு கால், கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் போலச் செவுள்கள். வாயைப் பார்த்தால் எப்போதும் சிரித்த முகம். முதலில் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. பிறகு நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கண்ணாடியோரம் வந்து நின்று என்னைப் பார்க்கத் தொடங்கியது. அதோடு என் கதை முடிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அக்கா, "வீட்டுக்குள்ள ஆரும் பல்லி வளர்ப்பினமோ? தரித்திரம் பிடிக்கும்" என்றார். மச்சாள் அதற்கும் மேலே போய், "நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேசி வாறவை என்ன நினைப்பினம்?" என்றார். நானும் விடவில்லை. "உங்கட வேலையைப் பாருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஆனால் சொன்னது வாய் மட்டும்தான். உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வீடு கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். அறைகள், குசினி, வாசல் என்று தெளித்துக்கொண்டு வந்தவள் தொட்டிக்கு முன்னால் நின்றேன். இத்தனை பேருடைய கண்ணும் வாயும் பட்ட சீவன், கண்ணூறு கழியட்டும் என்று இரண்டு கை அள்ளித் தொட்டிக்குள்ளும் தெளித்துவிட்டேன். புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மஞ்சளைத் தேடுகிற எனக்கு, அது கெடுதல் செய்யும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் அது ஒரு பக்கம் சரிந்து மிதந்தது. தோலில் மஞ்சள் திட்டுகள், வயிற்றில் சிவப்பு. செவுள் குஞ்சங்கள் சுருங்கி முன்னால் மடிந்து கிடந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்குத் தொலைபேசி எடுத்து, "சாப்பிடுதில்லை பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். மஞ்சள் கதையை விழுங்கிவிட்டேன்.

"அம்மா, உடன வேற தண்ணியில விடுங்கோ. பைப் தண்ணியெண்டால் குளோரின் போக வாளியில ஒரு நாள் திறந்து வச்சிட்டுப் பாவியுங்கோ. ஒவ்வொரு நாளும் மாத்தோணும், குளிராய் இருக்கோணும்" என்றவள், கடைசியில் அழுதுவிட்டாள்.

டவுனில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "இது தப்பாது அக்கா. இதைப் போலவே இன்னொண்டு எடுத்துத் தாறன். மகளுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். "என்ர பிள்ளையை நான் ஏமாத்துறதோ?" என்று சீறிவிட்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது, ஏற்கெனவே ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். இதைச் சாக விடுவதில்லை.

பிரிட்ஜில் இருந்த பாரை மீனையெல்லாம் வெளியே எடுத்து, தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்தேன். "சமைக்கிற மீனுக்கு இடமில்லை, இதுக்கு இடமிருக்கோ?" என்று கணவர் குதித்தார். "ஓம். ஒரு மாதம் பருப்போட சாப்பிடுங்கோ" என்றேன். அக்சலோட்டிலை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். காலையில் தண்ணீர் மாற்றிப் போத்தல் மிதக்க விட்டு வேலைக்குப் போவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து போத்தலை மாற்றுவேன். மண்புழுவைத் தொடவே கூசுகிற நான், அதை நறுக்கி வாயருகே பிடித்துக்கொண்டிருந்தேன். அது திரும்பியும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மின்சாரம் போனது. மத்தியானமாகியும் வரவில்லை. போத்தலெல்லாம் கரைந்துவிட்டது. ஐஸ் வாங்க வாளியைத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கத்து மீன் வாடிக்குப் போனேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் அக்கா? செத்த வீடோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை, சாகாத வீடு. நிரப்பித் தாங்கோ" என்றேன்.

மீன் ஐஸைத் தண்ணீருக்குள் போட எனக்குத் துணிவில்லை. பொங்கலுக்கு எடுக்கும் பெரிய கிடாரத்துக்குள் அந்தத் தொட்டியை இறக்கி, சுற்றிவர ஐஸைக் கொட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலால் எட்டிப் பார்த்து, "பல்லிக்குப் பொங்கலோ?" என்றார். "ஓம், வந்து ஒரு கை பிடியுங்கோ" என்றேன். அவர் தலையை இழுத்துக்கொண்டார். அன்று பின்னேரம், ஐந்து நாளாக வாய் திறக்காத அந்தச் சீவன் என் விரலிலிருந்து புழுவை லபக்கென்று பிடுங்கியது. நான் கிடாரத்துக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து விம்மி விம்மி அழுதேன்.

செவுள்கள் பழையபடி வர இரண்டு மாதம் பிடித்தது. லீவுக்கு வந்த மகள் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள். அவளைக் கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே அம்மா."

"அதுக்குத்தான் சொன்னனான்."

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறேன். தொட்டியடிக்கு வந்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அன்று அதைச் சாகக் கிடத்தியது ஊர்வாய்க்கு நான் பயந்த பயம்தான், இனி யார் எது சொன்னாலும் அந்தப் பயத்துக்கு என் வீட்டில் இடமில்லை.