செருப்புக் கடையில் பேசிய சீன மொழி

காலேஜில் சீன மொழி படிக்கிறேன். வகுப்புக்கு வெளியே யாரிடமும் பேசிப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பேசினேன்.

பென்டிங்க் தெருவில் செருப்பு வாங்கப் போயிருந்தேன். கடைக்கார அம்மா சீனக் குடும்பம், கல்கத்தாவிலேயே பிறந்தவர். ஐம்பது வயதிருக்கும். இடது காலுக்குப் போட்டுப் பார்க்கும்போது, "உங்கள் குடும்பம் எந்த ஊர்?" என்று சீனத்தில் கேட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு பெங்காலியில் கேட்டார்: "நீ போலீஸ் ஆளா?"

"இல்ல மாஷி, காலேஜ்ல படிக்கறேன்" என்றேன், பெங்காலியில் சித்தி முறை வைத்து.

"எதுக்கு இந்த பாஷை?"

"பிடிச்சிருக்கு."

அவர் என் காலிலிருந்து செருப்பைக் கழற்றித் துடைத்தார்.

"அறுபத்திரண்டுல சீனாவோட சண்டை வந்தப்ப எங்கப்பாவையும் எந்த ஊர்னுதான் கேட்டாங்க. பதில் சொன்னார். கொண்டுபோய் முகாம்ல வச்சுட்டாங்க. என் பொண்ணுக்கு நான் இந்த பாஷையில ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கல."

மன்னிப்புக் கேட்டேன், பெங்காலியில். "உன்மேல தப்பில்ல" என்று செருப்பைப் பையில் போட்டுக் கொடுத்தார். ஆனால் நான் தெருவில் இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களையும் இந்த ஊரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்பா மதுரை என்பார், அவர்கள் இட்லியைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கேள்விக்கு யாராவது பயப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவசரத்தில் வலது காலுக்குப் போட்டுப் பார்க்காமலே வந்துவிட்டேன். நன்றாகக் கடிக்கிறது. மாற்றித்தரச் சொல்லி அந்தக் கடைப் படியில் மறுபடி ஏற எனக்குத் தைரியமில்லை. நீங்களாக இருந்தால் போவீர்களா, கடிக்கட்டும் என்று விட்டுவிடுவீர்களா?