'மூணு தடவை' அக்கா

உப்பு ஜாடியை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, கொதிப்பதில் போடும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை, அதன்மேல் ஒட்டிய சீட்டை வாய்விட்டுப் படிப்பாள். "உப்புதான், போட்டுத் தொலை" என்று கணவர் கரடியாகக் கத்தியும் பயனில்லை. மருந்துக் கடையில் ஒவ்வொரு மருந்தையும் மூன்று தடவை படித்தே வருஷக்கணக்காகப் பழகிய வாய், வீட்டுக்கு வந்தால் மட்டும் அடங்குமா? தெருவே அவளுக்கு 'மூணு தடவை' அக்கா என்று பேர் வைத்துவிட்டது.

ஒரு கேள்விக்கு மட்டும் அவள் ஒரு தடவைகூட யோசிக்க மாட்டாள். பிள்ளையை பார்மசி படிக்க வைக்கலாமா என்று யாராவது வாயெடுத்தால், முடிப்பதற்குள் "வேண்டாம்" வந்து விழும். காரணங்கள் எல்லாம் மனப்பாடம். நாள் முழுக்க நிற்க வேண்டும், சாயங்காலம் கால் பூசணிக்காயாகிவிடும். அதற்காகவே செருப்பை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, காலை வேளையெல்லாம் தொளதொளவென்று இழுத்துக்கொண்டு நடப்பாள். டாக்டர் கையெழுத்து புரியாவிட்டாலும் மருந்து கசந்தாலும் திட்டு அவளுக்குத்தான். விருந்துக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்தவர் சாப்பாட்டோடு தன் மலச்சிக்கலையும் பரிமாறுவார். "சரியாக் குடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது. தப்பாக் குடுத்தா ஊருக்கே தெரியும். இந்தப் பொழைப்பு தேவையா?" என்று முடிப்பாள். அவளையே ஒரு நாள் லீவு போடச் சொன்னால் மட்டும் முகம் சுண்டிவிடும்.

இந்த லட்சணத்தில் சொந்த நாத்தனாரே வந்து நின்றாள். அவள் கணவனின் தையல் கடையை மூடியாகிவிட்டது. பையன் பள்ளிக்கூடம் போகிறான். முப்பத்தைந்து வயதில் இவளுக்குப் பார்மசி டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது, சேர நாளைதான் கடைசி நாள். வீட்டில் எல்லோரும் "அண்ணி சரின்னா சரி" என்று கையை விரித்துவிட்டார்கள். நாத்தனாரின் வாய் வேறு ஊரறிந்தது. எதிரே வருகிறவரை எங்கே போகிறாய், ஏன் இளைத்துவிட்டாய் என்று குடைந்தெடுக்காமல் விடமாட்டாள். இந்த வம்பு வாய் இருக்கிற கடைக்கு எவர் வருவார்? "ஒரு நாள் வந்து நில்லு, தானாத் தெளியும்" என்று அக்கா அன்றைக்கே கூட்டிப்போனாள். மாலைக்குள் கால்வலியே பதில் சொல்லிவிடும் என்று கணக்கு.

மாலை வந்தது, காலும் வீங்கியது, நாத்தனார் அசையவில்லை. ஒரு பெரியவர் மூட்டுவலி மாத்திரை கேட்டார். அக்கா எடுத்தாள், படித்தாள். பையில் போட்டாள், படித்தாள். மிச்சத்தை வைக்கும்போதும் படித்தாள். சரியான மாத்திரை, சரியான அளவு. பையை நீட்டுவதற்குள் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். மாடி ஏற முடிகிறதா, வீட்டில் சமைப்பது யார், கையில் என்ன இப்படிக் கன்றியிருக்கிறது? பெரியவருக்கும் பேச ஆள் இல்லை போலிருக்கிறது, கொட்டித் தீர்த்தார். இதயத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை தருகிறார்களாம், இரத்தம் உறையாமலிருக்க. அதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து லேசாக இடித்தாலே கன்றிவிடுகிறதாம்.

அக்காவின் கை பையோடு நின்றது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். மருந்தை மூன்று தடவை படித்தவள், மனிதரை ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லையே! பையைப் பிரித்து வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தாள். "இதை மொதல்லயே குடுத்திருக்கலாம்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியவர் போனார். நன்றி எல்லாம் அந்தக் கடையில் ஸ்டாக் கிடையாது.

கடையை அடைக்கும்போது நாத்தனார் மெல்லக் கேட்டாள்.

"என்ன அண்ணி, வேண்டாந்தானே?"

"செருப்பைக் கழட்டு" என்றாள் அக்கா.

நாத்தனார் விழித்தபடி ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். அக்கா குனிந்து எடுத்து, திருப்பி, அடியிலிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள். ஆறு. வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை. கீழே வைக்கும்போது மறுபடியும்.

"நாளைக்குக் காலேஜ் போற வழியில ஏழு வாங்கிடு."