ஊற்றின்மேல் தொங்கிய நுரை

பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கும்போது கையில் திரளும் நுரையும் அதன் புளித்த வாசமும் இன்று என்னை நேராகச் சித்தேரி மலைக்குக் கொண்டுபோய், எண்பதுகளில் நாங்கள் தண்ணீர் எடுத்த ஊற்றங்கரையில் நிறுத்திவிட்டன. ஊற்றின்மேல் சாய்ந்திருந்த நாவல் மரத்தில், முதல் மழை பெய்த இரண்டாம் நாள், இலைகளைச் சேர்த்து ஒட்டியதுபோல இதே வெள்ளை நுரை தொங்கும். பொழுது சாயும்போது மூங்கிலை மூங்கிலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் உச்சிக் கிளையிலிருந்து இறங்கும். குடம் நிறைகிற சத்தமும் அதுவும் சேர்ந்தால்தான் எனக்குச் சாயங்காலம்.

மாரியம்மன் பண்டிகைக்கு முன் ஊற்றைச் சுத்தம் செய்வது பெண்கள் வேலை. "குடிக்கிற தண்ணியில எச்சி மாதிரி வுழுவுது பாரு, வழிச்சி வுடு புள்ள" என்பாள் அம்மா. ஒல்லியாக இருந்ததால் நான்தான் மரமேறுவேன். விளக்குமாற்றால் அத்தனை நுரையையும் வழித்துத் தூர வெயிலில் எறிவேன்.

அது மரத்தவளையின் முட்டைக்கூடு என்று நேற்றுத்தான் மகள் செல்போனில் படம் காட்டினாள்; மூங்கில் தட்டுகிற அந்தச் சத்தமும் அதன் குரல்தானாம். அபூர்வமாகிவிட்டதாம், எங்கோ ஒரு மலையில் அது கூடு கட்டும் மரங்களுக்குக் காவல் போட்டிருக்கிறார்களாம்.

இப்போது அங்கே ஊற்றும் இல்லை, நாவலும் இல்லை. நான் ஏழாவது படித்த வருடமே மரத்தில் நுரை இல்லை. "அப்பாடா, இந்த வருசந்தான் ஊத்து சுத்தமா இருக்குது" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

அன்று சாயங்காலம் குடம் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது.