வாட்டம் பத்தாத பைப்

எங்கள் வீட்டில் கார் வாங்குவதற்குப் பதினோரு வருடம் முன்பே கார் ஷெட் கட்டியாகிவிட்டது. ஓசூரில் கம்பெனி வேலையில் சேர்ந்து, மனை வாங்கி வீடு கட்டிய எல்லோருமே அப்படித்தான் கட்டினார்கள் என்று அப்பா சொல்வார். கட்டியபோது ஷெட்டின் தரை ரோட்டைவிட ஒரு படி உயரமாக இருந்ததாம். அதன்பின் ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நான் வளர்ந்தேனோ இல்லையோ, ரோடு நன்றாக வளர்ந்தது. எனக்கு எட்டு வயதாகும்போது ஷெட் பள்ளத்தில் கிடந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் பத்திரிகை வைத்து அழைத்ததுபோல் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

அந்த ஷெட்டில்தான் மாமா கடை வைத்திருந்தார். மாமா, அம்மாவின் தம்பி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்ததும் எங்களோடு தங்கி, தெரிந்த தொழிலான மோட்டார் காயில் கட்டுவதை ஆரம்பித்திருந்தார். கருகிய மோட்டாரைப் பிரித்துப் பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, நூறு வாட் பல்பின் சூட்டில் காய வைப்பார். காயும்போது தண்ணீர் பட்டுவிட்டால் அத்தனையையும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருடம் முதல் மழையிலேயே நான்கு மோட்டார்கள் நனைந்தன. மோட்டார்க்காரர்கள் எங்கள் வாசலில் நின்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சத்தம் போட்டார்கள். அப்பா மூன்று மாநில எல்லையோரத்துக் கெலமங்கலத்துக்காரர், மூன்றும் அவருக்குப் புரியும். எனவே மூன்று மடங்கு அவமானப்பட்டார்.

“இன்னொரு மழைக்கு உள்ள தண்ணி வந்துச்சுன்னா பொட்டிய கட்டிக்கினு ஊருக்கு பஸ் ஏறிடு மாப்ள,” என்றார்.

“ஒரு சொட்டு வராது மச்சான்,” என்றார் மாமா.

சொன்னதோடு நிற்கவில்லை. ஷெட் வாசலின் குறுக்கே தரையை உடைத்து, ஒரு சாண் அகலத்துக்குச் சின்ன வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புக் கம்பிச் சட்டம் போட்டார். ரோட்டிலிருந்து இறங்குகிற தண்ணீர் சட்டத்தின் இடுக்கு வழியே வாய்க்காலில் விழும். அங்கிருந்து ஒரு மூன்று அங்குல பைப், தண்ணீர் தானாக ஓடுகிற வாட்டத்தில் சரிந்து, ஷெட் தரைக்கு அடியில் ஓடி, பின்சுவரைத் தாண்டிக் காலி மனையில் கொட்டும். அப்பா தன் கையாலேயே நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நான்கும் காலி மனைக்குப் போய்ச் சேர்ந்தன. “ம்,” என்றார். அப்பாவிடம் அது பெரிய பாராட்டு.

இனி என் திருப்பணி. காலி மனை முழுக்கத் தவளைகள். ஒரு நாள் நான் சைக்கிளை எடுக்கும்போது பைப் வழியாக ஏறி வந்த ஒன்று, கம்பி இடுக்கில் தலையை நீட்டி என் வெறுங்காலின் மேல் குதித்தது. நானோ மூன்றாம் வகுப்பு லீடர். பல்லி, கரப்பான் எதற்கும் பயமில்லை என்று வகுப்பு முழுவதும் பெருமை பீற்றி வைத்திருந்தவள். தவளைக்குப் பயந்தேன் என்று வெளியே சொல்ல முடியுமா? யாரிடமும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமைக்குப் போடுகிற வெள்ளை சாக்ஸில் ஒன்றை எடுத்து, வாய்க்கால் கட்டி மிச்சமான மணலை நிரப்பி முடிச்சுப் போட்டு, காலி மனைப் பக்கம் போய் பைப்பின் வாயில் திணித்து, செங்கல்லால் தட்டி உள்ளே ஏற்றினேன். தவளை வருகிற வழியும் தண்ணீர் போகிற வழியும் ஒன்றுதான் என்பது லீடருக்குத் தோன்றவில்லை.

“ஒத்த சாக்ஸ் எங்கடி?” என்று அம்மா கேட்டபோது, நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். அந்த சாக்ஸ், மற்றப் பிள்ளைகளுடையதோடு மாறிவிடாமலிருக்க அம்மா சிவப்பு நூலால் ஓரத்தில் பூப் போட்டு வைத்தது. நாயை இரண்டு நாள் திட்டினாள்.

பத்து நாள் கழித்து, பள்ளி விட்டு நான் வந்து பையை இறக்கவும் மழை பிடித்துக்கொண்டது. தொரப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துப் பெரிய மோட்டார் அன்று ஷெட்டில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். மாமா சிரித்த முகமாக வாசலில் நின்று, வாய்க்காலில் தண்ணீர் விழுவதைப் பார்த்தார். விழுந்த தண்ணீர் நிறைந்தது. நிறைந்தது சட்டத்தின் மேல் எழுந்தது. பிறகு ஷெட்டுக்குள் நடந்து வந்தது.

“அக்கா, ஓடியா!” என்று கத்திக்கொண்டே மாமா பல்பின் ஒயரைப் பிடுங்கினார். இரண்டு பேருமாக அந்த மோட்டாரை மூச்சு முட்டத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தார்கள். மூலையிலிருந்த இரண்டு சின்ன மோட்டார்கள் நனைந்துவிட்டன. அம்மா வாளியால் இறைக்க இறைக்கத் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி பஸ் வந்து அப்பாவை இறக்கிவிட்டது. அப்பா குடையோடு நின்று ஷெட்டைப் பார்த்தார்.

மாமா ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். தெருமுனைப் பிள்ளையாரை மனதுக்குள் கூப்பிட்டேன். “சாக்ஸைக் காணாமல் பண்ணிவிடு, தேங்காய் உடைக்கிறேன்.”

பிள்ளையார் கேட்டுக்கொண்டார். தரைக்கு அடியில் கடகடவென்று சத்தம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் சுழித்து இறங்கியது. சற்று நேரத்தில் மாமா தொப்பலாக நனைந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“இன்னா ஆச்சு?” என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்க்கவில்லை. “வாட்டம் பத்தல மச்சான். பைப்ப நாந்தான் சரியாப் பதிக்கல. கம்பி விட்டுக் குத்தி விட்ருக்கேன், இப்பப் போகும்.”

“ரசமட்டம் வச்சு பாக்க தெரியாதவனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல? காலைல மொத பஸ்ஸ புடி.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு நனைந்த மோட்டார்களைத் துடைத்தார். மாமா போய்விடுவாரே என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் தப்பு பைப்பினுடையது, சாக்ஸினுடையது இல்லை என்று அவரே சொல்லிவிட்டதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் என் சாக்ஸ், சிவப்புப் பூவோடு, பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தது.

“இதென்ன, நாய் கொண்டாந்து போட்டுருச்சா?” என்றாள் அம்மா.

“நல்ல நாய்க்கா,” என்றார் மாமா, பல் விளக்கிக்கொண்டே. அவருடைய பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

அதற்குள் ரோஜாத் தோட்டத்துக்காரர் வேன் கொண்டுவந்து, “மோட்டார் ரெடியா தம்முடு?” என்றார். தண்ணீர் வடிந்ததும் மறுபடி பல்பைப் போட்டு இரவு முழுக்கக் காய வைத்திருந்த மோட்டாரைப் போட்டுக் காட்டினார் மாமா. அது பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. தோட்டத்துக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் இன்னும் இரண்டு இருக்கிறது, இந்தப் பையனைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று தெலுங்கில் புகழ்ந்தார். அப்பா மூன்று மொழியிலும் திட்டு வாங்கியவர், ஒரு மொழியிலாவது பாராட்டு வந்ததே என்று இளகிவிட்டார். “ஞாயித்துக்கெழமைக்குள்ள வாட்டத்த சரி பண்ணிடு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அம்மா பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள்.

மாமா இன்று சொந்தக் கடையில் ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிறார். அப்பா ஒவ்வொரு விசேஷத்திலும், பைப்பைக் கோணலாகப் பதித்த கதையைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சென்ற பொங்கலுக்கு அப்பா அதை என் கணவரிடம் சொன்னபோது நான் பொறுக்க முடியாமல், “அப்பா, அது வந்து...” என்று ஆரம்பித்தேன். “காப்பி ஆறுது, குடி மருமவளே,” என்றார் மாமா. இந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் கடனை எந்த ஜென்மத்திலும் தீர்க்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவேண்டும். ஒரு குறையும் இல்லாத பைப்பை மாமா தரையை உடைத்துத் தோண்டி எடுத்தார். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அந்தாண்ட இன்னும் கொஞ்சம் எறக்கு,” என்று யோசனை சொல்ல, அதை அப்படியே திரும்பப் பதித்தார். குமிழி ஓடி மட்டம் காட்டுகிற ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டது நான்தான். மத்தியானம் ஓடிப்போய், வேண்டிக்கொண்டபடி தேங்காய் உடைத்து, பத்தை போட்டு எடுத்து வந்தேன். மாமாவின் இரண்டு கையிலும் சிமெண்ட். வாயைத் திறந்தார். ஒரு பத்தையை ஊட்டிவிட்டேன்.

“எந்த சாமிக்கு?”

“பிள்ளையாருக்கு.”

“என்ன வேண்டுதலு?”

“வெளிய சொல்லக்கூடாது மாமா.”

“ஆமாமா, சொல்லப்படாது.” தேங்காயை மென்றபடியே, பைப்பின் கடைசி வாயில் கட்டுவதற்கு ஒரு துண்டுக் கம்பி வலையை வெட்டினார்.

“அது எதுக்கு?”

“தவள வராம இருக்க.”

மாமாவுக்குத்தான் எவ்வளவு மூளை என்று வியந்துகொண்டேன். தவளையைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லையே என்று யோசிக்கத் தோன்றவில்லை. மிச்சமிருந்த பத்தையை எடுத்துக்கொண்டு, பிள்ளையாருக்கு இன்னொரு தடவை நன்றி சொல்லத் தெருமுனைக்கு ஓடினேன்.